ரிசீவருக்குக் காது போன ஆடி மாதம்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வயர்லெஸ் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அதே துறையில் தலை நரைத்து, முழு உடம்போடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றால் அதற்கு அந்தப் பயம்தான் காரணம். கூட வேலை பார்த்தவர்கள் என்னை "கொல்லிமலைக்கு வாய்த்த பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். தைரியசாலிகள் எரித்த கருவிகளை எல்லாம் பழுது பார்த்தவன் நான்.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். இப்போது அங்கே எல்லாமே எஸ்.டி.ஆர். ரிசீவர்கள். ஆன்டெனாவில் வருவதை ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும், மிச்ச வேலையை எல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். "சார், ரிசீவர் நல்லாத்தான் ஓடுது. எரர் ஒண்ணும் காட்டல. ஆனா நேத்திலிருந்து யாருமே பேசல. லைனே அமைதியா இருக்கு" என்றார். "அமைதியா இருக்குதா, இல்ல ரிசீவருக்குக் காது போயிருச்சா, அதைப் பாருங்க மொதல்ல" என்றேன். பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். காதுதான் போயிருந்தது. யாரோ ஆன்டெனாவுக்கு அடியில் நின்று வாக்கி டாக்கியில் பேசியிருக்கிறார்கள். போனிலேயே எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். பட்டவனுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். பட்டதை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் ஒரு வருஷம் சால்டரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொண்டேன், மெஸ் சாப்பாட்டில் இளைத்தேன். பிறகு ஊர் ஊராக மாற்றல். சேந்தமங்கலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. அதனால் 1997இல் கொல்லிமலை நிலையத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். செம்மேட்டுக்கு மேலே ஒரு மேட்டில் டவர், அதன் காலடியில் டிரான்ஸ்மிட்டர் அறை, ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன அறை. மலையில் இருக்கும் அரசு வண்டிகளும் கீழே இருக்கும் அலுவலகங்களும் பேசிக்கொள்ள எங்களை விட்டால் வழி கிடையாது. செல்போன் வந்த பிறகும் பாதையில் பாதி வளைவுகளில் சிக்னல் கிடைக்காது.

அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காரவள்ளியில் தொடங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய போர்டு. அதனால் எங்கள் டிரைவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டத்திலும் எழுதியதில்லை. மேலே வந்து வண்டியை நிறுத்தியதும் இறங்குவதற்கு முன்னால் மைக்கை எடுத்து, "மேல வந்துட்டேனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். கீழே காரவள்ளியில் வயர்லெஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஆள் "சரிங்க" என்பார். அந்தச் "சரிங்க" வந்த பிறகுதான் கீழே டீ குடிப்பார்கள். டிரைவர் வீட்டுக்காரம்மா சில நாள் அங்கேயே வந்து நின்று கேட்டுவிட்டுப் போவதும் உண்டு. நல்ல வழக்கம்தான். முதல் எஸ்.டி.ஆர். ரிசீவரைக் கொன்றது அந்த நல்ல வழக்கம்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து ரெங்கநாயகி மேடம் உதவிப் பொறியாளராக வந்தார். சேலத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். ஏதாவது ஒரு ஒயரைத் தொடுவதற்கு முன்னால், "யாரு பேசப் போறாங்க?" என்று கேட்பார். அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் "நான் பேசலீங்க மேடம்" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. பிறகு டிரான்ஸ்மிட்டரின் மைக்கைக் கழற்றித் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார். வேலை முடிந்து அவர் கையால் திரும்ப மாட்டுகிற வரை அது யாருக்கும் கிடைக்காது. முதல் வாரம் நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். அப்புறம் நானும் அப்படித்தான் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

அவர் காலத்தில்தான் சோதனைக்கென்று இரண்டு எஸ்.டி.ஆர். ரிசீவர்கள் வந்தன. பழைய ரிசீவருக்குத் தோல் தடிமன். தனக்கு வேண்டிய அலையை மட்டும் உள்ளே விட்டு மற்றதை வாசலிலேயே தடுத்துவிடும். புதியது அப்படி இல்லை. கதவை அகலத் திறந்து வைத்து வருவதை எல்லாம் உள்ளே விட்டு, பிறகு கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்க்கும். தூரத்து முணுமுணுப்பைக் கேட்பதற்காகச் செய்த காது அது. பக்கத்தில் நின்று யாராவது கத்தினால் அந்தக் கத்தலும் அப்படியே உள்ளே போகும். முதல் ரிசீவரைச் சின்ன அறையில் வைத்து, கூரை மேல் ஒரு குழாயில் ஆன்டெனா கட்டினோம். டவரில் இருக்கும் எங்கள் டிரான்ஸ்மிட்டரைப் பற்றித்தான் கவலைப்பட்டோம். வாசலில் வந்து நிற்கும் ஜீப்பை யாரும் நினைக்கவில்லை.

ஜீப் டிரைவர் பழனிச்சாமி. காரவள்ளிக்காரன், என்னைவிட இளையவன், வாய் நிறைய "அண்ணா" என்று கூப்பிடுவான். ஒருநாள் மேலே வந்து கூரை ஆன்டெனாவுக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி, வழக்கம்போல "மேல வந்துட்டேனுங்க" என்றான். வண்டி வயர்லெஸ் இருபத்தைந்து வாட். புகை வரவில்லை, வாசனை இல்லை, திரையில் படம் எப்போதும்போல ஓடியது. அடுத்த நாள்தான், இவ்வளவு அமைதி எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து அளந்த ஒரு துளி சிக்னலைக் கொடுத்துப் பார்த்தேன். திரையில் கோடு விழவில்லை. சிக்னல் நுழைகிற முதல் படியே உள்ளே வெந்து போயிருந்தது.

மேடம் பழனியைத் திட்டவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து வெற்றுத் திரையைக் காட்டினார். "நீங்க பேசினது தப்பில்ல பழனி. பேசின எடம்தான் தப்பு" என்றார். அவன் முகம் செத்துப்போயிற்று. பிறகு உத்தரவு போட்டார். நிலையத்து வளாகத்துக்குள் எந்த வண்டியும் வயர்லெஸ்ஸில் பேசக் கூடாது, கடைசி வளைவிலேயே அணைத்துவிட வேண்டும். இரண்டாவது ரிசீவருக்கு நான் ஒரு காப்புப் பெட்டி செய்தேன். உள்ளே இரண்டு காவல். ஒன்று லிமிட்டர். எதிரெதிராக வைத்த இரண்டு டயோடு. சின்ன சிக்னலைக் கண்டுகொள்ளாது, பெரியது வந்தால் பிடித்துத் தரைக்குத் தள்ளிவிடும். இன்னொன்று அட்டனுவேட்டர். வருவது எதுவானாலும் நூறில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் உள்ளே விடும். இரண்டையும் ஒரே அலுமினியப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். ரிசீவர் பத்திரமாக இருந்தது. மெல்லிய குரல்கள் மட்டும் கேட்காமல் போயின. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தால் காது பத்திரம்தான்.

எனக்கு நிம்மதி இல்லை. முன்பெல்லாம் வண்டி மேலே வந்தால் குரல் வரும், வராவிட்டால் தேடுவோம். இப்போது குரல் வராததே ஒழுங்கு என்றாகிவிட்டது. மேடத்திடம் சொன்னேன். "நானும் அதைத்தான் யோசிக்கிறேன் மணி. ஆன்டெனாவை வேற எடத்துக்கு மாத்தக் கேட்டிருக்கேன்" என்றார். அனுமதி வருவதற்குள் ஆடி வந்துவிட்டது.

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை கொள்ளாது. அறப்பளீசுவரர் கோயிலுக்கும் அருவிக்கும் கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் மழையும் சேர்ந்துகொண்டது. பண்டிகைக்கு முந்தின நாள் டவரில் இடி விழுந்து பழைய ரிசீவர் போய்விட்டது. டிரான்ஸ்மிட்டர் தப்பியது. ஆகவே மலை முழுக்கப் பேச எங்களுக்கு வாய் இருந்தது, கேட்பதற்குச் சோதனைக்கு வந்ததில் மிஞ்சிய அந்த ஒரே எஸ்.டி.ஆர். மட்டும்தான். மாற்று ரிசீவர் காரவள்ளிக்கு வந்திருக்கிறது என்றார்கள். பழனி அதை எடுத்துவரக் கீழே போனான். மற்றவர்கள் எல்லாம் கோயில் பக்கம் பண்டிகை வேலையில். நிலையத்தில் மேடமும் நானும் மட்டும்.

மத்தியானம் காரவள்ளியிலிருந்து ரிசீவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான் என்று செய்தி வந்தது. பெய்கிற மழைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் வைத்துக்கொண்டேன். அதுவும் தாண்டியது. மஞ்சு இறங்கி வாசல் கூடத் தெரியவில்லை. நான் உட்காருவதும் எழுந்து வெளியே பார்ப்பதுமாக இருந்தேன். "பேசாம வர்றதுதானே உத்தரவு. வந்துருவாப்ல" என்றார் மேடம். ஆனால் அவரும் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்.

அப்போது திரையில், எங்கள் அலைவரிசை இருக்கும் இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. மறைந்தது. மறுபடி விழுந்தது. ஒலிபெருக்கியில் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

"மேடம், யாரோ சுவிட்சை அமுக்கறாங்க. ரொம்பக் கீழருந்து வருதுங்க. பள்ளத்துக்குள்ளருந்து."

அவர் எழுந்து வந்து பார்த்தார். காப்புப் பெட்டியைக் கழற்றினால் குரல் கேட்கலாம். கழற்றிய நேரத்தில் பக்கத்தில் யாராவது பேசினால் மலையில் இருக்கும் ஒரே காதும் போய்விடும், பழனியையும் கேட்க முடியாது, பண்டிகைக் கூட்டத்தில் யாருக்கு என்ன ஆனாலும் கேட்க முடியாது. மேடம் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். "கழட்டலாம். நான் சொல்ற வரைக்கும் கனெக்டரைத் தொடாதீங்க" என்றார்.

முதலில் டிரான்ஸ்மிட்டரில் மலையில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொன்னார். மறு அறிவிப்பு வரும் வரை யாரும் பேசக் கூடாது, பதிலும் சொல்லக் கூடாது. பிறகு மைக்கைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். டிரான்ஸ்மிட்டரின் மெயின் சுவிட்சை அணைத்தார். "யாரு பேசப் போறாங்க?" என்று கேட்டார். அறையில் நான் ஒருவன்தான். "நான் பேசலீங்க மேடம்" என்றேன். "வேற துறை வண்டிங்க நம்ம அறிவிப்பைக் கேட்டிருக்காது. நான் ரோட்டுல நிக்கிறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

பெட்டியைக் கழற்றினேன். வேர்த்த விரலுக்குக் கனெக்டர் வழுக்கியது. கேபிளை நேராக ரிசீவரில் திருகியதும் திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. கோடு தடித்தது. இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"...ண்ணா... வண்டி உருண்டு... காலு..."

பழனி. எந்த வளைவு, எந்த வளைவு என்று நான் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும். அவன் எண்ணைச் சொல்கிறான், இரைச்சல் அதை விழுங்குகிறது. பதில் சொல்ல வேண்டுமென்றால் பெட்டியைத் திரும்ப மாட்டி, மேடத்திடம் ஓடி மைக்கை வாங்கி, டிரான்ஸ்மிட்டரை உயிர்ப்பித்து, பேசி, எல்லாவற்றையும் மறுபடி தலைகீழாகச் செய்ய வேண்டும். அவனுடைய பேட்டரி எத்தனை தடவை தாங்கும் என்று யாருக்குத் தெரியும். குரல் புரியாது, ஆனால் பெட்டி இல்லாமல் இருந்தால், சுவிட்சை எத்தனை தடவை அமுக்குகிறான் என்று எண்ணும் அளவுக்குக் கோடு தடிப்பாகத் தெரிகிறது. அது போதும் என்று தோன்றியது.

பெட்டியை மாட்டினேன். ஓடினேன். மேடம் ரோட்டில் நனைந்தபடி நின்றார். நான் சொன்னதைக் கேட்டு மைக்கைக் கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். "ஒரே கேள்விதான் மணி. யோசிச்சுக் கேளுங்க" என்றார்.

"பழனி, நான் மணி அண்ணன். உன் கோடு தெரியுது. பேசாத, பேச்சு புரியல. வளைவு போர்டு நம்பர் தெரியுமில்ல? நூறு வரைக்கும் எண்ணு. அப்புறம் மொத நம்பர் எத்தனையோ அத்தனை தடவை சுவிட்சை அமுக்கு. கொஞ்சம் நிறுத்து. அப்புறம் ரெண்டாவது நம்பர். நூறு எண்ணாம அமுக்கிராத கண்ணு."

நூறு அவனுக்கல்ல, எனக்கு. டிரான்ஸ்மிட்டரை அணைத்து, மைக்கைக் கொண்டுபோய் மேடத்திடம் கொடுத்து, திரும்பி வந்து பெட்டியைக் கழற்றி, கேபிளைத் திருகி, மூச்சு வாங்கத் திரையைப் பார்த்தேன். வெறுமை. பிந்திவிட்டோமா என்று நினைத்தேன். அப்போது முதல் கோடு விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. நின்றது.

வெளியே ரோட்டில் ஒரு வண்டி சத்தம். மேடத்தின் குரல், "மைக்கை இப்படிக் கொடுங்க, தயவுசெஞ்சு பேசாதீங்க." நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்று. இரண்டு.

பிறகு ஒன்றுமில்லை.

காத்திருந்தேன். ஐம்பத்திரண்டாவது வளைவா? பேட்டரி போயிற்றா? மயங்கிவிட்டானா? கூரைக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரேடியோவில் அல்ல, நேராக என் காதில். "மேல வந்துட்டோமுங்க. மழைங்க, நல்ல மழை."

வேறொரு துறையின் வேன் அது. டிரைவர் மைக்கை மரியாதையாக மேடத்திடம் கொடுத்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருந்தவர் இடுப்பில் வாக்கி டாக்கியோடு இறங்கி, நனையாமல் நிற்க எங்கள் கூரைக்கு அடியில் ஒதுங்கி, கீழே கவலைப்படுவார்களே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷன். அவருக்கு என்ன நடந்தது என்று கடைசி வரை புரியவில்லை. சிக்னல் ஜெனரேட்டரை மாட்டிப் பார்த்தேன். கோடு இல்லை.

மேடம் உள்ளே வந்து திரையையும் என் முகத்தையும் பார்த்தார். யார் பேசியது என்று கேட்கவில்லை. "எவ்வளவு வந்துச்சு?" என்றார்.

"மொத நம்பர் அஞ்சு, நல்லாத் தெரிஞ்சுதுங்க. ரெண்டாவதுல ரெண்டு வந்துச்சு. அதோட செவிடாயிருச்சு. மேல எத்தனைன்னு தெரியலீங்க."

"அப்ப அம்பத்திரண்டுக்குக் குறையாது, அம்பத்தொம்பதைத் தாண்டாது. எட்டு வளைவுதான். தேடிரலாம்" என்று கழுத்திலிருந்த மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு அதே வேனில் ஏறினார். கோயிலுக்கு வந்து ரோட்டோரம் மழைக்கு ஒதுங்கியிருந்த, மலையின் பெரக்கரை நாட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் கயிறும் அரிவாளுமாக உடன் ஏறிக்கொண்டார்கள். கூரைக்கு அடியில் பேசியவர்தான் முதலில் ஏறியவர்.

நான் தனியாக நின்றேன். பேசலாம், கேட்க முடியாது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. மைக்கை மாட்டி டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, "பழனி, வந்துட்டிருக்காங்க, மேடமே வர்றாங்க, தூங்கிராத" என்றேன். மறுபடி சொன்னேன். அவன் வீட்டைப் பற்றிச் சொன்னேன், வருகிற பொங்கலைப் பற்றிச் சொன்னேன், வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். எதிரே சுவரைத் தவிர ஒன்றுமில்லை. அவன் உயிரோடு கேட்கிறானா, பிணத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேனா என்று தெரியாது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் இன்னும் உரக்கப் பேசினேன்.

தொண்டை கட்டிப்போன பிறகு, நனைந்த துண்டோடு ஒரு பெரக்கரை நாட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். "உசுரு இருக்குதுங்க சாமி. காலுதான் போச்சு போல. போர்வைல தூளி கட்டித் தூக்கிட்டோம்" என்றார். ஐம்பத்தாறாவது வளைவில், ரோட்டிலிருந்து வெகு கீழே சில்வர் ஓக் மரங்களில் ஜீப் தொற்றிக்கொண்டிருந்ததாம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு விசாரணை வந்தது. காப்பைக் கழற்றியது தன் உத்தரவு என்று மேடம் சொல்லி முடித்துக்கொண்டார். அடுத்து வந்த எஸ்.டி.ஆர். ரிசீவருக்கு லிமிட்டரையும் அட்டனுவேட்டரையும் தனித்தனியாகப் பிரித்தோம். அட்டனுவேட்டரை வேண்டுமானால் எடுக்கலாம், லிமிட்டரை யாராலும் கழற்ற முடியாதபடி உள்ளேயே பற்றவைத்தேன். ஆன்டெனா கூரையை விட்டுத் தூரத்துக்குப் போனது. பேசக் கூடாது என்ற உத்தரவையும் மேடம் மாற்றினார். கடைசி வளைவில் ஒரு இடம் குறித்து, அங்கே நிறுத்தி, வந்தாயிற்று என்று சொல்லியே தீர வேண்டும் என்றார். இப்போது வேலையில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிசீவரைக் காப்பாற்றுகிறேன் என்று மனுஷன் வாயை மட்டும் கட்டிவிடாதீர்கள்.

பழனியைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நானும் மேடமும் பார்க்கப் போனோம். காலை எடுக்கவில்லை. இரும்புக் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நான் பேசியது முழுவதும் கேட்டுக்கொண்டே கிடந்தானாம். "நீங்க பொங்கலப் பத்தி எல்லாம் பேசுனீங்கண்ணா" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தான்.

"அஞ்சு அமுக்குனது சுளுவா இருந்துச்சுங்க. அப்புறம் கை மரத்துப்போச்சு. ரெண்டு அமுக்குனேன், முடியல. ஆனா நீங்க எண்ணிட்டிருப்பீங்கன்னு, பல்லக் கடிச்சுட்டு மிச்ச நாலையும் அமுக்கிட்டேன். அது உங்களுக்குப் போய்ச் சேந்துருச்சுன்னுதான் தெம்பா கெடந்தேன். ஆறும் கேட்டுச்சுங்களாண்ணா?"

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆறும் கேட்டுச்சு பழனி" என்றேன்.